ராசுவுக்கு எழுபத்தைந்து வயதில் ஓடப்போகும் வண்டி

மலை ஏறி இறங்கியே இளைத்துப்போன என் மச்சானுக்கு,

இன்று உங்களுக்கு வருஷத் திதி. தட்டாம்பயற்றுக் குழம்பு வைத்து, இலை போட்டு, காக்கைக்கும் ஒரு கவளம் வைத்தேன். அது குழம்புச் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பளத்தை மட்டும் கொத்திக்கொண்டு ஷெட்டுப் பக்கம் பறந்துவிட்டது. "அண்ணனேதேன் மதினி. என்னைக்கு அவரு உக்காந்து சாப்புட்டாரு?" என்றான் உங்கள் தம்பி மாயாண்டி. சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் மோட்டார் சைக்கிளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் மேனேஜர் அய்யாவிடம் சொன்னேன். ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற பம்புக்கு ஓர் இஞ்சின் வேண்டியிருந்தது. யுத்தத்தில் மிஞ்சிய வண்டி, எஸ்டேட் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை நீங்கள்தான் ஓடவைத்தீர்கள், இஞ்சின் எஸ்டேட்டுடையதுதான். ஆனாலும் அவர் நல்ல மனிதர். பள்ளிக்கூட வாசல் வரை வந்து, "டீச்சர், உங்க வீட்டுக்காரர் உசிரக் குடுத்து ஒக்கிட்டு ஓடவச்ச வண்டி. நீங்க சரின்னு சொன்னாத்தான் கை வைப்பேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றாம் வகுப்புக்கு ஆனா எழுதிப்போட உள்ளே போய்விட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த வண்டியின் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். ஜீப்பு ரிப்பேர் பார்க்க வந்த மனிதர், ஜீப்பு போக முடியாத கழுதைப் பாதையில் மழையென்றும் பார்க்காமல் அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தீர்கள். மார்ச்சளி கட்டி ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள். மூட்டைக்குப் பதிலாக என்னைப் பின்னால் உட்காரவைத்துச் சோதனை வேறு. "மூட்ட பேசாது. நீன்னா எங்க இடிக்குதுன்னு சொல்லுவேல்ல" என்றீர்கள். கட்டிய பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது?

சம்மதம் சொன்ன அன்று சாயங்காலம் உங்கள் நோட்டை எடுத்தேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமென்று மாயாண்டி கேட்டிருந்தான். இத்தனை வருடம் நான் அதைத் திறந்ததில்லை. வண்டிப் படம்தானே என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்கள் ஒரு தலைப்பு வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

'ராசுவுக்குப் பத்து வயதில்' என்று முதல் பக்கம் தொடங்குகிறது. நம் ராசு இரண்டு வயதில் போனவன். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைக் கம்பளியில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்தில் குரங்கணி வந்து சேர்வதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. அதற்கப்புறம் நம் வீட்டில் அவன் பேரை நீங்கள் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. நோட்டுக்குள் மட்டும் அவனை வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

பத்து வயதுக்காரனுக்குப் பலாப்பழத் தோல் மாதிரி கொட்டை கொட்டையாக டயர், ஓடைத் தண்ணீர் புகாமல் சீட்டுக்கடியில் தூக்கிக் கட்டிய சைலன்சர். முப்பது வயதில் பின் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நீளமான ஸ்பிரிங்கு. பாறையிலிருந்து குதித்தாலும் முதுகு நோகாது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது வயதில் கார்புரேட்டரே கிடையாது. கீழே போடியில் ஒழுங்காக ஓடிய இஞ்சின் மேலே வர வரத் திணறும். நீங்கள் சட்டைப்பையில் பெட்ரோலை அளந்துவிடுகிற வேறு ஜெட்டு வைத்துக்கொண்டு பாதி மலையில் நிறுத்தி மாற்றுவீர்களே, அந்தத் தொல்லை அவனுக்கு இல்லை. எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று வண்டியே அளந்து குடிக்குமாம். பிரேக்கு பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காது, விட்டு விட்டுப் பிடிக்குமாம்.

கடைசிப் பக்கம் எழுபத்தைந்து வயது. பெட்ரோலே இல்லை, பேட்டரி. உதைக்க வேண்டாம், கட்டை விரலால் ஒரு பித்தானை அமுக்கினால் போதும். எடை, ஓர் ஆள் தூக்கி மறுபுறம் வைக்கிற அளவுதான். 'சத்தம் வராது. ஆனை மிரளாது. நோயாளி தூங்கிக்கொண்டே வரலாம்' என்று எழுதியிருந்தீர்கள்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்த பிள்ளைக்கு வயது ஏற்றிக்கொண்டே போகிறவரை என்ன செய்வது? அவனுக்கு எழுபத்தைந்து வயதானதைப் பார்க்க நாம் இருக்கவா போகிறோம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அவனை வளர்த்திருக்க மாட்டேனா?

மறுநாள் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் ஐப்பசி மழை. மூட்டம் இறங்கி ஏலச்செடிகளுக்குள் நிறைந்து நின்றது. அதற்குள்ளிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன, மச்சான். ஒன்றிலும் சத்தமில்லை. பாறை வந்தால் சக்கரம் மட்டும் மடங்கி நிமிர்ந்தது. ஓட்டுகிறவர்கள் நின்றபடியே மிதந்து வந்தார்கள். முன்னால் வந்தவருக்குத் தலை முழுக்க நரை, மூக்கு உங்கள் மூக்கு. என் பக்கத்தில் வந்து காலை ஊன்றி, "ஆத்தா, நீ இன்னும் இங்கனதேன் இருக்கியா?" என்றார். என்னை விட மூத்த என் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? யாரோ சிலேட்டைக் கீழே போட்டார்கள், எல்லாம் கலைந்துவிட்டது.

நீங்கள் இல்லாத வருடத்தில் ஊரில் நடந்ததையும் சொல்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் இப்போது கேரளம். ருஷ்யாக்காரன் வானத்தில் ஓர் உருண்டையைச் சுற்றவிட்டிருக்கிறான். ஒன்றரை மணி நேரத்தில் பூமியையே ஒரு சுற்று வந்துவிடுகிறதாம். எஸ்டேட் கம்பவுண்டர் பேப்பரைப் படித்துவிட்டு, "நமக்குக் குரங்கணி எறங்கவே மூணு மணி நேரம் ஆகுதே" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குச் சோறு தண்ணி இறங்கியிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த பேச்சியை விரியன் கடித்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை, இரண்டாம் வகுப்பு. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போதே கால் வீங்கிக்கொண்டிருந்தது. "போடி ஆஸ்பத்திரியிலதேன் விஷத்துக்கு ஊசி இருக்கு. வெரசாக் கொண்டு போங்க" என்றார் கம்பவுண்டர். பிள்ளையின் அப்பன் கம்பளியை எடுத்து வந்து தூளி கட்ட ஆரம்பித்தான். அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "அவுத்துப் போடுய்யா அத" என்று கத்தினேன். "மாயாண்டி, வண்டிய எடு!"

மாயாண்டி ஓட்டினான். நடுவில் பேச்சியை என் முந்தானையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். பாதி தூரம்கூட இறங்கியிருக்க மாட்டோம். கீழே பார்க்கப் பயந்துகொண்டு அவன் மலையை ஒட்டியே ஓட்ட, வண்டிக்கு இருபுறமும் நீங்கள் கட்டிய பெட்டிகளில் ஒன்று பாறையில் இடித்து வண்டி எகிறியது. மூன்று பேரும் விழுந்தோம். முன் சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. பேச்சி அழக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெட்டிகளைக் கழற்றலாமென்றால் ஸ்பேனர் எடுத்து வரவில்லை.

"மலைப்பக்கம் ஒட்டாத மாயாண்டி. பள்ளத்துப் பக்கமாப் போ."

"கிறுக்குப் புடிச்சிருச்சா மதினி? அங்கிட்டு விழுந்தா எலும்பு தேறாது."

"எங்கய்யாவோட பொதிக்கழுதைக எந்தப் பக்கம் நடக்கும், பாத்திருக்கேல்ல? பொதி பாறையில இடிச்சாத் தன்னையப் பள்ளத்துல தள்ளிரும்னு அதுகளுக்குத் தெரியும். உங்க அண்ணன் அதப் பாத்துத்தேன் பெட்டி கட்டுனாரு, அப்படித்தேன் ஓட்டுவாரு."

இது மட்டும் உங்கள் நோட்டில் இல்லை. நீங்கள் விளிம்பில் ஓட்டும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உங்கள் இடுப்பைக் கிள்ளிய எனக்குத்தான் தெரியும். மாயாண்டி குலசாமியைக் கும்பிட்டுவிட்டு விளிம்புக்குப் போனான். எங்கே சாய வேண்டும், எங்கே எழுந்து நிற்க வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. குரங்கணியில் நிற்கவே இல்லை, நேரே போடி.

ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஊசி போட்டு ஒரு பொழுது கழித்துப் பேச்சி கண் திறந்து, "டீச்சர், என் பையி எங்க?" என்றாள். நான் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்து ராசுவுக்காக அழுதேன். அவனைப் பறிகொடுத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன். உங்கள் மேல் வைத்திருந்த ஆத்திரமும் அங்கேயே தீர்ந்துபோயிற்று, மச்சான்.

வெள்ளிக்கிழமை பம்பு மெக்கானிக் பையோடு ஷெட்டுக்கு வந்தபோது நான் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். "டீச்சரம்மா, செத்த எறங்குனீங்கன்னா சோலிய ஆரம்பிச்சிருவேன்" என்றார். நான் அசையவில்லை. மேனேஜரும் வந்துவிட்டார்.

"நீங்கதானே டீச்சர் சரின்னு சொன்னீங்க?"

"சொன்னேன் அய்யா. இப்ப வேண்டாங்கிறேன். இஞ்சின் இல்லாட்டி மருந்தக் கையால அடிச்சுக்கலாம். பிள்ளைகளுக்கு வேற என்ன வழி இருக்கு?"

அவர் மழையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மெக்கானிக் பையைத் திறக்கவா மூடவா என்று தெரியாமல் நின்றார். "சரி, வண்டி இருக்கட்டும். ஆனா யாரு ஓட்டுவா?" என்றார் மேனேஜர். மாயாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். இனி அந்த விளிம்புக்குத் தன்னைக் கூப்பிடவே கூடாது என்று போடியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான் பாவம். தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். நான் இறங்கவே இல்லை.

நாளையிலிருந்து பழகப் போகிறேன். சேலை சக்கரத்தில் சிக்கும், ஊர் பேசும், நாலு தரம் விழுவேன். விழுந்துகொள்கிறேன். எந்தப் பிள்ளைக்கு என்றாலும், எந்த மழை என்றாலும், கூப்பிட்ட நேரத்துக்கு இந்த வண்டி மலை இறங்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்,
ராசுவின் ஆத்தா