அம்மை வீட்டுக்குச் சொன்ன ரேடியோ நிகழ்ச்சி

1961, ஆடி மாதம், வியாழன் இரவு

குற்றாலத்தில் சாரல் களை கட்டிவிட்டது. என் கூட்டாளி முருகையா மட்டும் அம்மை போட்டு வேப்பிலைக்குள் கிடக்கிறான். போன வாரம் நான் அவன் ஜன்னலோரம் போய் நின்றபோது, "எலே, பொழுதே போவ மாட்டேங்கு. ரேடியோவுல எதைக் கேக்கலாம்?" என்றான்.

சும்மா இருந்திருக்கலாம். "வேப்பிலை வேந்தே, வியாழக்கிழமை சாயங்காலம் நேயர் விருப்பம் கேளும். உம்ம பேரை எழுதிப் போட்டிருக்கேன், வாசிப்பாங்க" என்று அளந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

அவன் வீட்டில் ரேடியோ கிடையாது; அம்மை கண்ட வீட்டார் அடுத்த வீட்டுப் படியும் ஏறக்கூடாது. அதனால் அவன் அம்மா தெருவில் நின்றே கெஞ்சிக் கேட்க, எதிர்வீட்டு அண்ணாச்சி இன்று ரேடியோவைத் தன் ஜன்னலில் தூக்கி வைத்துச் சத்தமாக வைத்தார். தெருவே கூடிவிட்டது. யார் யார் பேரோ வந்தது. அவன் பேர் வரவில்லை.

"ஒன்ன எவனோ நல்லா ஏமாத்திட்டாம்லே!" என்று அண்ணாச்சி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முருகையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டி, "செல்லத்துரை எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான். தபால் பிந்தியிருக்கும்" என்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "அடுத்த வாரமும் கேக்கட்டுமாலே?" என்றான்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கே கார்டு போட்டாலும் வியாழனுக்குள் போய்ச் சேருமா? சேர்ந்தாலும் வாசிப்பார்களா? வாசிக்காவிட்டால் அவன் அம்மா மறுபடியும் தெருவில் நின்று கெஞ்சியதெல்லாம் என் பொய்க்காகத்தான் என்றாகிவிடும்.