தாழ்ப்பாளைப் பிடித்த கை

மக்கா,

இங்கே நான் வேலை பார்க்கும் அல் கூஸ் பழந்துணிக் கிடங்கில் இன்று காலை ஒரு மூட்டையைப் பிரித்தேன். உள்ளே கழுத்துமுதல் கால்வரை மூடும் பழைய ஆரஞ்சு நிறக் கவரால் உடுப்புகள், ஏதோ கப்பலில் கழித்துப் போட்டவை. டீசலும் வேர்வையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ செத்துப்போன சேதி வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஊரில், உன் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாயாம். அதைக் கேட்டபோதுகூட அழாதவன், இந்தத் துணியை முகர்ந்துவிட்டு அழுகிறேன். என்ன கூத்து பார்.

ஃபுஜைரா துறைமுகத்திலிருந்து நாம் இருவரும் சரக்குக் கப்பலில் போன வருஷங்கள் நினைவிருக்கிறதா? சோமாலியாக் கொள்ளையர் பயத்தில் சோறு இறங்காத காலம். ஏடன் வளைகுடா நெருங்கினால், இதே மாதிரி பழைய கவரால்களில் கந்தலைத் திணித்து, தலைக்கு ஹெல்மெட் மாட்டி, காவலுக்கு ஆள் நிற்பதுபோல் கப்பல் விளிம்புக் கம்பியோரம் கட்டிவைப்போம். அந்தப் பொம்மைகளில் ஒன்றுக்கு, நம்மை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜெண்டின் பேரை வைத்து தினமும் சலாம் போடுவாய். எனக்குச் சிரிப்பே வராது. கொள்ளையர் வந்தால், மேலே கப்பலைச் செலுத்தும் கேப்டனைத் தவிர எல்லோரும் இன்ஜின் அறைக்குள் ஓடி இரும்புக் கதவைப் பூட்ட வேண்டும், பிறகு யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது கேப்டன் உத்தரவு. கதவுப் பொறுப்பு எனக்கு.

"நானே வந்து தட்டுனாலும் தெறக்காதல. எனக்குப் பின்னால துப்பாக்கி நிக்கும்" என்றாய், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அன்று விடியலில் சிறு படகு ஒன்று நம்மை நோக்கி வந்தது. அதில் நீளமாக ஏதோ கிடந்தது. கொள்ளையர் கப்பலில் தொற்றி ஏறும் ஏணி என்று நினைத்து அலறியவன் நான்தான். ஓடினோம், பூட்டினேன். தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. பின்பக்கத்தில் பொம்மையின் கயிற்றை இறுக்கிக்கட்டப் போயிருந்த நீ.

தட்டினாய். மூன்று முறை.

"மக்கா, நாந்தாம்ல. தெற."

குரல் உன்னுடையதுதான், சத்தியமாகத் தெரியும். தாழ்ப்பாளைப் பிடித்த என் கை அசையவில்லை. உத்தரவு என்று மற்றவர்களிடம் சொன்னேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

வந்தவர்கள் ஏமன் மீனவர்கள். குடிதண்ணீர் தீர்ந்து கேட்க வந்திருக்கிறார்கள். நான் ஏணி என்றது வலைக் கம்பு. மேலே இருந்த கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்ன பிறகு திறந்துகொண்டு ஓடிவந்தால், பொம்மைகளுக்கு நடுவே நீயும் ஒரு பொம்மையாக விறைத்து நிற்கிறாய். கண்ணை இறுக மூடியிருந்தாய். தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்தாய்.

"கை மரத்துப் போச்சுல" என்று மட்டும் சொன்னாய். அதன் பிறகு எத்தனையோ நாள் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்தக் கதவைப் பற்றி ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி. நானாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இப்போதும் ரூம் கதவை யாராவது தட்டினால் இரண்டாம் தட்டுக்கு முன் எழுந்துவிடுகிறேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். யார் என்றுகூடக் கேட்பதில்லை மக்கா, திறந்துவிடுகிறேன்.