வில்லிவாக்கத்திலிருந்து ஆவடி வரை ஏழு ஸ்வரம்

அம்பத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள விஷ்ணுவுக்கு,

வெற்றிச்செல்வன் எழுதுகிறேன். நானும் புஷ்பாவும் சௌக்கியம். மகள் நிவேதிதாவும் சௌக்கியம். உன் கோபமும் அங்கே சௌக்கியமாகத்தான் இருக்கும். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய், சரி. தபால்காரரை எப்படி பிளாக் செய்வாய்? அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து மெல்போர்னுக்கு ஒரு கடிதம்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதி ஷெட்டுகளை இடித்துவிட்டார்கள். நாம் இரும்புத் தகடு அடித்த பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஐ.டி. கம்பெனி. அந்தப் பக்கம் போனால் சைக்கிள் ஸ்டாண்டில் நம் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகம் வருகின்றன. வாட்ச்மேன் ஜெயராமனுக்குப் பிடித்த பாட்டை முதலில் வாசித்தால்தான் கேட்டைத் திறப்பார். மனுஷனுக்கு எல்லாமே சோகப் பாட்டு! கல்யாணக் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கப் போய் அழுதுகொண்டே ஆரம்பிப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பிள்ளைகளுக்கு நீ கீபோர்டு வகுப்பு எடுக்கும் வீடியோவுக்குக் கீழே நடந்த சண்டையை நிவேதிதாதான் காட்டினாள். முறையாக இசை படித்தவராம் ஒருவர், நீ எங்கே கற்றாய், சர்டிபிகேட் எங்கே என்று ஆரம்பித்திருந்தார். அம்பத்தூரில் ஒரு மாஸ்டரிடம் ஆறு வருஷம் கற்றேன், பேரைச் சொல்ல அனுமதியில்லை என்று நீ பதில் போட்டிருந்தாய். அவ்வளவுதான், கும்பல் கூடிவிட்டது. "பேரே இல்லாத மாஸ்டரா? இன்னாபா கதை வுடுற!" என்று ஒருவன். ஸ என்றால் வில்லிவாக்கம், ரி என்றால் கொரட்டூர் என்று நீ பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை மட்டும் வெட்டிப் போட்டு, "இது மியூசிக் கிளாஸா, ரயில்வே அனவுன்ஸ்மென்ட்டா?" என்று இன்னொருவன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, முதலில் வாயைத் திறப்பேன், பிறகுதான் யோசிப்பேன். நிவேதிதா வேண்டாம்பா என்று சொல்லச் சொல்ல, என் பேரிலேயே எழுதினேன்: "அவன்கூட வேலை செஞ்சவன் நான். மாஸ்டரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. கேசட்டு தேயத் தேயக் கேட்டு சொந்தமா கத்துகினான். முடிஞ்சா நீங்க வாசிச்சுக் காட்டுங்க." பெரிய மனுஷர்களிடம் படித்ததாகச் சொல்லிக்கொள்ள நீ ஆசைப்பட்டுவிட்டாய் போலிருக்கிறது, அதெல்லாம் உனக்கு எதற்கு என்று எனக்கு வருத்தம் வேறு. உன்னைத் தூக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினேன், சத்தியமாக. அவர்கள் அதையே படம் பிடித்து, கூட இருந்தவனே சொல்லிவிட்டான், இவன் புளுகன் என்று பரப்பிவிட்டார்கள்.

போன வாரம் உன் வீட்டுக்காரி கஸ்தூரி பேசினாள். பாதிப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்களாமே. நீ கீபோர்டைத் துணி போட்டு மூடியவன், பிறகு தொடவே இல்லையாமே. கடைசியில், "அண்ணே, அந்த மாஸ்டர் நீங்கதான்னு உங்களுக்கு இன்னுமா தெரியல?" என்று கேட்டாள். போனை புஷ்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

தொண்ணூற்று நாலில் பிரஸ்ஸில் என் இடது கையில் மூன்று விரல் போனதும், ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். இனி என் பேரையும் பாட்டையும் சேர்த்து யாரிடமும் பேசக்கூடாது என்று. வாங்கிய நான் மறந்தே போனேன். நீ முப்பது வருஷம் காப்பாற்றியிருக்கிறாயே, படுபாவி!

கீபோர்டு வாசித்துவந்த என் கை போனதும், ஆளில்லை என்றுதான் மைக் செட் கட்டிக்கொண்டிருந்த உன்னை உட்கார வைத்தேன். ஸ்வரம் எதுவும் உன் மண்டையில் ஏறவில்லை. ஆனால் ஆவடியிலிருந்து வில்லிவாக்கத்துக்கு, கஸ்தூரி வீட்டுப் பக்கம், தினம் ரயிலேறி ஓடியவன் நீ. வழியில் உள்ள ஸ்டேஷன் ஏழும் தலைகீழாகத் தெரியும். அதையே ஸ்வரமாக்கினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய், கொரட்டூர்ல எறங்காத, பட்டரவாக்கம் போ!" என்று கத்துவேன். அதற்குப் பேர் பாடம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. விரல் போன வேதனையை மறக்கத்தான் கத்தினேன். நீ வாசிக்க வாசிக்க, என் கையே வாசிக்கிற மாதிரி இருக்கும். அதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் எழுதியதை அழித்துவிட்டேன். அது போதாது என்று எனக்கே தெரியும். ஆகவே அந்தச் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன். இந்தக் கடிதத்தையே படம் பிடித்துப் போடு. சர்டிபிகேட் கேட்டவருக்கு இதைக் காட்டு. என் பேரை இனிஷியலோடு போடு: க. வெற்றிச்செல்வன், பிரஸ் ஆபரேட்டர், அம்பத்தூர். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, எழுதத்தான் வருகிறது. மன்னித்துவிடு விஷ்ணு. வேண்டுமானால் என்னை பிளாக்கிலேயே வைத்துக்கொள். ஆனால் அந்தத் துணியை எடுத்துவிடு. வாசி.

உன் பத்து விரலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாஸ்டர்,
க. வெற்றிச்செல்வன்.