கழற்றிப் பார்க்காத டிரம்

இன்று காலை பேரணாம்பட்டுச் சாலையில், தோல் மூட்டைகளோடு மலையிறங்கி வந்த லாரி ஒன்று என் பஸ்ஸை ஒட்டி நின்றது. அதன் சக்கரத்திலிருந்து பிரேக் லைனிங் கருகிய வாடை. நான் இறங்கிப் போய் என் சக்கரங்களை முகர்ந்து பார்த்தேன். நீ கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது தோஸ்த். இதை வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது நீ டிரைவர், நான் கண்டக்டர். வண்டியைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. சக்கர டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் அந்த லைனிங் எத்தனை நாள் தாங்கும் என்று ஒருமுறை கேட்டேன். "தரையில ஓட்னா ஒரு வருஷம்கூட வரும். கணவாய்ல சொல்ல முடியாது. கழட்டிப் பாத்தாதான் தெரியும்" என்றாய்.

வாரந்தோறும் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும். அரை நாள் பிடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் பிரேக் கம்பியின் திருகை மட்டும் இறுக்கிவிட்டு ஓடினேன். பிரேக் மிதி கெட்டியாகி, எல்லாம் சரி என்று காட்டியது. உள்ளே லைனிங் தேய்ந்து தீர்ந்திருந்தது.

மறுநாள் கிளம்பும்போது கேட்டாய்: "டிரம்ம கழட்டிப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

கணவாய் இறக்கத்தில், மூன்றாவது வளைவில், மிதி உன் காலோடு பலகை வரை போனது. இடப்பக்கம் பள்ளம். உள்ளே பதினான்கு பேர். ஒருத்தி மடியில் கைக்குழந்தை. நீ என் பக்கம் திரும்பவில்லை. "எல்லாரையும் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு" என்றாய். நான் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கியரைக் குறைத்து, வலப்பக்கப் பாறையில் வண்டியை உரசவிட்டாய். அது நீ உட்கார்ந்திருந்த பக்கம். வண்டி நின்றபோது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். உன் வலது கால் நசுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலாளி கேட்டதற்கு, "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்றாய். உன் வேலை போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போனதும் மெல்லக் கேட்டாய்: "கழட்டல, இல்ல?" ஆமாம் என்று தலையசைத்தேன். "இன்னாத்துக்கு அழற? இனிமே கழட்டு."

அதற்குப் பின் ஆறு வருடம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்றைக்கு எடுப்பாயோ என்று உன் வீட்டுக்கு வரவே பயந்தேன்.

போன வாரம் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு அன்னிக்கே சொல்லிட்டாருண்ணா. உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னாரு" என்றார்.

இப்போது அதே தடத்தில் நான்தான் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் நான்கு டிரம்மையும் கழற்றுகிறேன். அப்படியும் கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு பிரேக் கம்பியாகத் தொட்டுப் பார்க்கிறேன். "இன்னா டிரைவரே, பயமா?" என்று பயணிகள் சிரிக்கிறார்கள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.