பிரிண்டருக்கு ஒரு மாறாத இலக்கம்

பெப்ரவரி 10, திங்கள்
இன்றும் கரண்ட் போய் வந்தது. வந்ததும் பில் பிரிண்டர் ஊமை. கம்ப்யூட்டர் பில்லை அனுப்புகிறது, பிரிண்டர் வாங்கமாட்டேன் என்கிறது. வாய் திறக்காததில் நானும் அதுவும் கூடப் பிறந்தவர்கள்.

கடை முதலாளி பாறூக் ஹாஜியார் பிரிண்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “மெஷின் பேசாட்டி நீ பேசு மகள். பில்லச் சத்தமாச் செல்லு.”

வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்து பத்தாம் ஆண்டோடு நின்றவள் நான். ஆட்களோடு பேசத் தேவையில்லை என்றுதான் இந்தப் பலசரக்குக் கடையில் பில் போடுகிற வேலைக்கே வந்தேன். சொல்லிப் பார்த்தேன். முதல் சாமான் சீனி; அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை.

பெப்ரவரி 11
காரணம் கண்டுபிடித்தேன். யூடியூப் கண்டுபிடித்தது, நான் பார்த்தேன். கடை வைஃபையில் சேரும் ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஓர் இலக்கம் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. கரண்ட் போய் வந்தால் பிரிண்டரின் இலக்கம் மாறிவிடுகிறது. கம்ப்யூட்டரோ பழைய இலக்கத்துக்கே பில்லை அனுப்புகிறது. வீடு மாறிப் போனவரின் பழைய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

இரண்டு வழி. ரூட்டர் தருவதை வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மாறாத இலக்கம் ஒன்றை நாமே வைக்கலாம். மாறாததை எடுத்தேன். 192.168.1.7.

ஏன் ஏழு? அழகாக இருந்தது. பெரிய இன்ஜினியர்.

பெப்ரவரி 20
கரண்ட் இரண்டு தரம் போனது. பிரிண்டர் அசையவில்லை. நாள் முழுக்க ஒருவரோடும் பேசவில்லை. சந்தோஷம்.

மார்ச் 4
ரமழான் நோன்பு மூன்றாம் நாள். பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் வைஃபையில்தான். பாஸ்வேர்டை ஹாஜியாரே கூப்பிட்டுச் சொல்கிறார். மாற்றட்டுமா என்று சாமான் கட்டுகிற ரஜிதா அக்காவை விட்டுக் கேட்டேன் — அதைக் கேட்கவும் எனக்கு ஆள் வேண்டும். நோன்பு நாளில் இல்லையென்று சொல்லக் கூடாதாம்.

மார்ச் 7, வெள்ளி
எழுதவே கூச்சமா இருக்கு. பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கடை பூட்டும்போது பிரிண்டரை நிப்பாட்டினேன். ரூட்டரை நிப்பாட்டல, பள்ளிக்கு வாறவங்களுக்காக. திறந்தா, நோன்பு துறக்கப் பேரீச்சம்பழம் வாங்கக் கூட்டம். பிரிண்டர் ஊமை. ரூட்டர் பக்கத்தைப் பார்த்தா, ஏழு யாரோட போன்லயோ இருக்கு! இரண்டுல இருந்து நூறு வரைக்கும் ரூட்டர் தானாக் குடுக்கும்னு அதுலயே எழுதி இருக்கு. பிரிண்டர் படுத்த நேரம் ஏழையும் தூக்கிக் குடுத்திருக்கு. அந்த வரியை அன்னைக்கே பார்த்தேனே — பார்த்துட்டு அழகான இலக்கம் தேடினேன். மாட்டு மண்டை.

யாரோட போன்னு கேட்க வாய் வரணும். புது இலக்கம் வைக்க நேரம் வேணும். இரண்டும் இல்ல. ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

சொன்னேன். வாசிச்ச முதல் பில் எனக்கே கேட்கல. எங்களுக்கு அண்ணன் மாதிரி, ஓட்டோ ஓட்டுற றினோஸ் நானா, எட்டிப் பார்த்தார். “எங்களுக்கா செல்ற, கம்ப்யூட்டருக்கா?”

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்திட்டு. சிரிப்போட சத்தமும் வந்திட்டு. நோன்புல காஞ்ச தொண்டையோட, பொழுதுபட்டுப் பள்ளியில பாங்கு சொல்ற வரைக்கும் சொன்னேன்.

மார்ச் 8
பிரிண்டருக்கு 200. ரூட்டர் கை வைக்காத பக்கம். அழகில்லை.

மார்ச் 19
பிரிண்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. இன்று தேயிலைத் தோட்டத்திலிருந்து நல்லம்மா அக்கா வந்தாங்க. பிரிண்டர் துப்பிய பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். அவங்க அதை என்னிடமே திருப்பித் தந்தாங்க. இங்கிலீஷ் பில். இத்தனை நாளும் வாசிக்கத் தெரியாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்காங்க.

“அன்னைக்கு நீ சொன்னப்ப நானும் நின்னேன் புள்ள. அப்பதான் எதுக்கு எவ்வளவுன்னு வெளங்குச்சு. இதையும் சொல்லு.”

சொன்னேன். பின்னால் நின்ற இரண்டு பேரும் தங்கள் பில்லை நீட்டினாங்க. மூன்றாவது ஆளுக்கு வாசிக்கும்போது, ஹாஜியார் எழுந்து போய், இரைகிற ஃபேனை நிறுத்தினார்.