ஆறு எலிகளும் எத்திராஜ் மாமாவும்

திருவொற்றியூர்
5-2-1934

அங்கம்மா அக்காவுக்கு,

கார்டு கிடைத்தது. எத்திராஜ் மாமா உடம்பு பெருத்து நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறார், மாசக் கடைசியில் ரயில் பட்டறை டாக்டர் பரிசோதித்துத் தள்ளிவிட்டால் வேலை போச்சு என்று அழுதிருக்கிறாய். அழுது என்ன பிரயோஜனம்? எங்கள் எண்ணெய் மில்லில் ஆறு எலிகளுக்கு ஒன்றரை மாதம் கடலை எண்ணெய் கொடுத்தோம். அறுத்துப் பார்த்ததில் ஈரலில் கொழுப்பு குறைவு. மாமாவுக்கும் தினம் கொடு. கார்டில் இடமில்லை. இரண்டு ஷிப்டும் நானே பார்க்கிறேன், கண் எரிகிறது.

பொன்னுரங்கம்

பெரம்பூர்
19-2-1934

தம்பி பொன்னுரங்கத்துக்கு அக்கா ஆசீர்வாதம்.

நீ எழுதினபடி விடிஞ்சதும் வெறும் வயித்துல அரை ஆழாக்கு கடலெண்ணெய் குடுக்கிறேன். மூக்கைப் பிடிச்சிகினு குடிக்கிறாரு. "இன்னாடி, உன் தம்பி என்னை எலின்னே முடிவு பண்ணிட்டானா? வாலு ஒண்ணுதான் பாக்கி"ன்னு நக்கல் வேற. அப்பால வழக்கம்போல ரெண்டு வேளையும் நெய்ச்சோறு. எட்டு நாளா வயித்தோட்டம். நேத்து வலது விலாவுக்குக் கீழ வலின்னு சுருண்டுட்டாரு. எலிங்களுக்கும் இப்படி ஆச்சா? நிறுத்தலாமா? பரிசோதனைக்கு ஒம்பது நாள்தான் கீது. உடனே எழுது.

அங்கம்மா

திருவொற்றியூர்
21-2-1934

அக்கா,

உடனே நிறுத்து. மருந்து மாதிரி குடிக்க யார் சொன்னது? எலிகளுக்கு அதுவரை போட்டுவந்த நெய்யை நிறுத்திவிட்டு, அதே அளவு எண்ணெயைத் தீனியில் சேர்த்தோம். எண்ணெயும் கொழுப்புதானே! அதையும் ஊற்றி இதையும் ஊற்றினால் மனுஷன் என்ன ஆவான்? எழுதினதை ஒழுங்காய்ப் படிக்க வேண்டாமா? இன்றைக்கே மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ.

பொன்னுரங்கம்

பெரம்பூர்
4-3-1934

தம்பிக்கு,

பத்து நாள் ஆஸ்பத்திரி. பித்தப்பையில கல்லாம். ரொம்ப நாளா இருந்ததை எண்ணெய் கிளப்பிவிட்டுதாம். உசுரு தப்பிச்சுது. பரிசோதனைக்குப் போக முடியல, பட்டறையில பேரை எடுத்துட்டாங்க.

உன் மொத கார்டை மூணு தரம் படிச்சேன். எதிர்வூட்டு வாத்தியாரம்மா தேவப்பிரியத்தையும் படிக்கச் சொன்னேன். நெய்யை நிறுத்துன்னு ஒரு வார்த்தை இல்ல. அவரு உன் பேரைச் சொல்லிச் சிரிச்சிகினுதான் கீறாரு. என்னால முடியல.

அங்கம்மா

திருவொற்றியூர்
7-3-1934

அக்காவுக்கு,

ஆமாம், எழுதவில்லை. தப்பு என்னுடையது. இன்னொன்றும் எழுதவில்லை. ஆறு எலிகளில் இரண்டு பாதியிலேயே செத்துப்போயின. மில் ரிப்போர்ட்டில் அதைப் போட்டேன். உனக்குப் போடவில்லை.

ஞாயிறு காலை வருகிறேன். வர வேண்டாம் என்றால் அதற்காக ஒரு கார்டு எழுதிச் சிரமப்படாதே. கதவைத் திறக்காமல் இரு, திரும்பிவிடுகிறேன்.

பொன்னுரங்கம்