உறுதிபூசுதல் படிவத்தில் ஒரு பெயர்

நசரத்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ரெனிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் நலம், மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க தினமும் செபிக்கிறோம். உன் தம்பி மேக்ஸ்வெல் விஷயமாகத்தான் எழுதுகிறேன், போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

தான் உள்ளுக்குள் பையன் இல்லை என்று அவன் சொன்ன நாளிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை. முதலில் அவன் செல்போனைச் சந்தேகப்பட்டேன், பிறகு பிளஸ் ஒன் சிநேகிதர்களை. யாரோ சொன்னார்கள் என்று வேப்பம்பட்டில் ஒரு செப வீட்டுக்கு அழைத்துப் போனேன். மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கள், சரியாக்கித் தருகிறோம், நடுவில் பார்க்க வராதீர்கள் என்றார்கள். பெற்றவன் பார்க்கக் கூடாதபடி என்ன செய்வார்கள் என்று சுருக்கென்றது, கையோடு கூட்டிவந்துவிட்டேன். நீ சொன்ன அம்பத்தூர் கவுன்சலிங் மேடம் ரேகாவையும் நான் சந்தேகப்படாமல் விடவில்லை. சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். என்ன பேச்சு என்றால், பிள்ளை சம்மதித்தால்தான் சொல்வேன் என்கிறார். இது நோயில்லை, அவசரப்பட்டு எதையும் முடிவு செய்யவும் வேண்டாம், நீங்கள் திட்டாமல் காதுகொடுத்துக் கேளுங்கள் என்கிறார். இவர்தான் எதையோ ஏற்றிவிடுகிறார் என்று கதவில் காதை வைத்தேன். உள்ளே மேக்ஸ்வெல் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் கடைசியாக எப்போது சிரித்தான் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

கோவிலில் உறுதிபூசுதல் சடங்குக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு புனிதர் பெயரைத் தேர்ந்து எழுத வேண்டும், உனக்குத் தெரியும். நான் அவனைக் கேட்காமலே அந்தோணி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இன்று பூசை முடிந்ததும் உபதேசியார் படிவத்தை என் கையில் கொடுத்தார். அந்தோணியை அடித்துவிட்டு, பிள்ளை கையெழுத்தில் செசிலி, பெண் புனிதர் பெயர். மேடம் வேலைதான் என்று கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டால், அவருக்கு இது தெரியவே தெரியாதாம். "எல்லாரையும் சந்தேகப்பட்டுகினே கீறியேப்பா, என்னிய ஒரு தபா கேட்டியா? அக்காகிட்ட ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன்" என்றான்.

ஆக, உனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று உன்மேல் எனக்கிருந்த சந்தேகம் மட்டும் சரி. கோபம் வந்தது, இப்போது வெட்கமாக இருக்கிறது. படிவத்தைக் கிழிக்கவில்லை, சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. அன்றைக்குப் பிள்ளை சொன்னதும் நீ முதலில் என்ன சொன்னாய்? எனக்கு அவனிடம் பேசத் தெரியவில்லை, அதையே நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்பு அப்பா,
பிரகாசம்